சில நாள் துணை: மில்ரினோன் பிறந்த கதை

பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டையோ அடைப்போ இருந்து, சின்ன வயதில் அறுவை செய்துகொண்டு, படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள் இன்று உலகெங்கும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முப்பதிலோ நாற்பதிலோ மறுபடியும் அறுவை அரங்குக்குப் போக வேண்டி வருகிறது. சிறுவயதில் வைத்த குழாய் வளர்ந்த உடம்புக்குப் போதாமல் போயிருக்கும். ஒரு வால்வு வருடக்கணக்கில் கசிந்து இதயத்தின் ஓர் அறையை வீங்க வைத்திருக்கும். அந்த அறுவை முடிந்த இரவில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் வீட்டாரிடம் மருத்துவர் வந்து, “ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. ஹார்ட்டுக்கு சப்போர்ட் மருந்து ஓடிட்டிருக்கு” என்பார்.

அப்படி ஓடும் மருந்துகளில் முக்கியமான ஒன்று மில்ரினோன். இது இந்த வேலைக்காகப் பிறந்ததல்ல. தினமும் விழுங்கும் மாத்திரையாகக் கோடிக்கணக்கான முதியவர்களின் பலவீன இதயத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்று நம்பித்தான் இதை உருவாக்கினார்கள். அந்த வேலையில் இது உயிர்களைப் பறித்தது. பிறகு வேறோர் இடத்தில், நாள்கணக்கில் மட்டும் கொடுக்கும் மருந்தாக, உயிர்களைக் காக்கத் தொடங்கியது.

தேவை பிறந்த நாள்

1953 மே 6. அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர், தான் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இதய-நுரையீரல் எந்திரத்தை 18 வயதுப் பெண் ஒருவருக்குப் பொருத்தினார். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவி ஓட்டை. இருபத்தாறு நிமிடம் அவருடைய இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் எந்திரமே பார்த்தது. ஓட்டை தைக்கப்பட்டது, அந்தப் பெண் பிழைத்து நீண்ட காலம் வாழ்ந்தார். எந்திரத்தின் துணையோடு வெற்றிகரமாகத் திறந்து தைக்கப்பட்ட முதல் இதயமே பிறவிக் குறையுள்ள, வளர்ந்த ஒருவருடைய இதயம்தான்.

எந்திரம் கதவைத் திறந்துவிட்டது. கூடவே ஒரு புதிய சிக்கலும் வந்தது. ரத்தம் பிளாஸ்டிக் குழாய்களின் வழியே ஓடும்போது உடம்பெங்கும் அழற்சி கிளம்புகிறது. நிறுத்திவைக்கப்பட்ட இதயத் தசைக்குச் சிறிது நேரம் ரத்தம் கிடைப்பதில்லை. மறுபடி ரத்தம் பாயும்போது தசை வீங்குகிறது. ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்கின்றன. குறையைக் கச்சிதமாகச் சரிசெய்த பிறகும், முதல் சில மணி நேரத்தில் இதயம் போதிய ரத்தத்தை அனுப்ப முடியாமல் தடுமாறுகிறது. சிறுநீர் குறையும், கை கால் சில்லிடும், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும்.

இந்தத் தடுமாற்றத்தைத் துல்லியமாக அளந்தவர்கள் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள். இடம் மாறிப் பிறந்த இரண்டு பெருங்குழாய்களைச் சரியான இடத்தில் மாற்றித் தைக்கும் அறுவைக்கு உள்ளான பச்சிளங்குழந்தைகளை அவர்கள் கண்காணித்தார்கள். 1995-இல் வெளியான முடிவுகள், அறுவைக்குப் பிந்தைய முதல் இரவில் இதயத்தின் ரத்த வெளியேற்றம் சரிவதைக் காட்டின. ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு அது ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தது. அந்த ஓர் இரவைக் கடத்திவிட்டால் பெரும்பாலான இதயங்கள் தாமாகவே மீளும். ஆகவே தேவை, ஓர் இரவுக்கும் அடுத்த ஓரிரு பகலுக்கும் துணை நிற்கும் மருந்து.

கையிலிருந்த பழைய மருந்துகள்

இதயத்துக்கு வலுவூட்டும் மருந்துகளின் வரலாறு நெடியது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் மருத்துவம் பார்த்த வில்லியம் விதரிங், உடம்பில் நீர் கோத்தவர்களுக்கு ஒரு மூதாட்டி கொடுத்துவந்த மூலிகைக் கலவையை ஆராய்ந்து, அதில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் செடியின் இலைதான் என்று கண்டுபிடித்தார். அளவு கூடினால் நஞ்சு, குறைந்தால் பயனில்லை என்பதை நோயாளி நோயாளியாகக் குறித்துவைத்து, 1785-இல் நூலாக வெளியிட்டார். அந்தக் குடும்பத்து டைகாக்ஸின் மாத்திரை இன்றும் மருந்துக் கடைகளில் இருக்கிறது. ஆனால் நிமிடக் கணக்கில் கூட்டிக் குறைக்க அது தோதுப்படாது.

1901-இல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே தூய வடிவில் அளித்த அட்ரினலின் விரைந்து வேலை செய்யும். கூடவே இதயத்தை ஓட ஓட விரட்டும், குழாய்களை இறுக்கும். இந்தக் குறையைப் போக்க, எலி லில்லி நிறுவனத்தின் ரொனால்டு டட்டிலும் ஜாக் மில்ஸும் மூலக்கூற்றைச் செதுக்கிச் செதுக்கி டோபுட்டமினை உருவாக்கி 1975-இல் அறிவித்தார்கள். தசையின் சுருங்கும் வலுவைக் கூட்டும், துடிப்பை அவ்வளவாக விரட்டாது என்பது அதன் சிறப்பு.

ஆனாலும் இந்தக் குடும்பத்து மருந்துகள் அத்தனையும் இதய அணுவின் மேற்பரப்பில் இருக்கும் பீட்டா ஏற்பிகளை நம்பியே வாழ்பவை. நாள்பட்டுப் பலவீனமான இதயத்தில் அந்த ஏற்பிகளே குறைந்துபோகின்றன. மாற்று அறுவையின்போது அகற்றப்பட்ட இதயங்களை ஆராய்ந்த மைக்கேல் பிரிஸ்டோவும் சகாக்களும் 1982-இல் இதை நிறுவினார்கள். எந்த இதயத்துக்கு உதவி அதிகம் தேவையோ, அந்த இதயத்தில்தான் மருந்து பற்றிக்கொள்ளும் பிடி குறைவாக இருந்தது.

ரென்சலேர் ஆய்வகம்

நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரையில், தலைநகர் ஆல்பனிக்கு எதிரே இருக்கிறது ரென்சலேர் என்ற சிற்றூர். அங்கே ஸ்டெர்லிங்-விந்த்ராப் நிறுவனத்தின் ஆய்வகம் இருந்தது. அதன் வேதியியலாளர் ஜார்ஜ் லெஷர் ஏற்கெனவே பெயர் பெற்றவர். மலேரியா மருந்தான குளோரோகுயின் தயாரிப்பில் வந்த ஓர் உபபொருளைத் தொடர்ந்துபோய், சிறுநீர்த் தொற்றுக்கான நாலிடிக்ஸிக் அமிலத்தை 1962-இல் தந்தவர்களில் முதன்மையானவர். எழுபதுகளில் இந்த ஆய்வகம் தேடியது டிஜிட்டாலிஸ் குடும்பமும் இல்லாத, அட்ரினலின் குடும்பமும் இல்லாத, வாயால் உட்கொள்ளக்கூடிய ஓர் இதய வலுவூட்டி.

லெஷரும் அவருடைய சகா ஓபல்காவும் இரண்டு பிரிடின் வளையங்களை இணைத்து உருவாக்கிய சேர்மம் ஒன்று, விலங்கு இதயத் தசையை நன்றாகவே சுருங்க வைத்தது. மருந்தியலாளர்கள் அதாவியா அலூசியும் ஆல்ஃப்ரெட் ஃபராவும் அதன் குணங்களை விரிவாகச் சோதித்தார்கள். ‘வின் 40680’ என்ற ஆய்வக எண்ணோடு இருந்த அதற்கு ஆம்ரினோன் என்று பெயர் வந்தது. 1978-இல் மனிதர்களிடம் சோதித்த முதல் முடிவுகள் வெளியாயின. தளர்ந்த இதயங்கள் கூடுதல் ரத்தம் அனுப்பின. நுரையீரலில் தேங்கிய அழுத்தம் இறங்கியது. மருத்துவ உலகம் நிமிர்ந்து பார்த்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்பது தொடக்கத்தில் பிடிபடவில்லை. விடைக்கான அடித்தளத்தை ஏர்ல் சதர்லாண்ட் முன்பே போட்டிருந்தார். ஹார்மோன்கள் அணுவின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. உள்ளே செய்தியை எடுத்துப்போவது சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு என்பதை 1950-களின் பிற்பகுதியில் அவர் கண்டறிந்தார். 1971-இல் நோபல் பரிசு பெற்றார். சைக்ளிக் ஏ.எம்.பி. கூடினால் இதய அணுவுக்குள் கால்சியம் அதிகம் நுழைகிறது, தசை பலமாகச் சுருங்குகிறது. வேலை முடிந்ததும் அதை வெட்டிப்போட பாஸ்ஃபோடைஎஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. ஆம்ரினோன் அந்த நொதியின் மூன்றாம் வகையைத் தடுக்கிறது என்பது பிற்பாடு தெளிவானது. இருக்கிற சைக்ளிக் ஏ.எம்.பி. அழியாமல் நிற்பதால், ஏற்பிகள் குறைந்த இதயத்திலும் மருந்துக்கு வேலை இருக்கிறது.

இதே வழியில் இன்னும் இரண்டு நன்மைகள் சேர்ந்தே வருகின்றன. சைக்ளிக் ஏ.எம்.பி. உயர்ந்த இதயத் தசை, சுருங்கிய பிறகு விரைவாகத் தளர்ந்து அடுத்த ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. ரத்தக் குழாய்களின் சுவரில் இருக்கும் தசையோ இறுக்கம் விட்டு விரிகிறது; நுரையீரலுக்குப் போகும் குழாய்களும் விரிகின்றன. தள்ளும் வலு கூடுகிறது, தள்ள வேண்டிய எதிர்ப்பு குறைகிறது.

ஆம்ரினோனை மாத்திரையாகக் கொடுத்தபோது பலருக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்தன, வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. ரென்சலேர்காரர்கள் மூலக்கூற்றைத் திருத்தினார்கள். ஒரு வளையத்தில் இருந்த அமினோ குழுவை எடுத்துவிட்டு அங்கே நைட்ரைல் குழுவை வைத்தார்கள். பக்கத்தில் ஒரு மெத்தில் குழுவைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். கிடைத்த புதிய சேர்மம் ஆம்ரினோனைவிட இருபது மடங்குக்கும் மேல் வீரியம் கொண்டிருந்தது. தட்டணுக்களையும் அந்த அளவுக்குக் குறைக்கவில்லை. ‘வின் 47203’, அதாவது மில்ரினோன். 1983-இல் பாஸ்டனில் டொனால்டு பெய்மும் சகாக்களும் நோயாளிகளிடம் அதன் பலனை விவரித்தார்கள். 1987 கடைசி நாளில் அமெரிக்க அரசு அதை நரம்பு வழி மருந்தாக அனுமதித்தது. அடுத்து மாத்திரைதான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

மாத்திரை விழுந்த கதை

மாத்திரை உண்மையில் ஆயுளைக் கூட்டுகிறதா என்று அறிய ‘பிராமிஸ்’ என்ற பெரும் சோதனையை நடத்தினார்கள். கடுமையான நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ள 1,088 பேர். வழக்கமான மருந்துகளோடு ஒரு பாதிப் பேருக்கு மில்ரினோன் மாத்திரை, மறு பாதிக்கு வெறும் மாத்திரை. சோதனையைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டியதாயிற்று. மில்ரினோன் எடுத்தவர்களிடம் இறப்பு 28 சதவீதம் அதிகம். மிக மோசமான நிலையில் இருந்தவர்களிடம் 53 சதவீதம் அதிகம். மில்டன் பேக்கர் தலைமையிலான குழு 1991-இல் இதை வெளியிட்டது.

இதயத்தை வலுவாகச் சுருங்க வைத்த மருந்து எப்படிக் கொன்றது? நாள்தோறும் கால்சியம் வெள்ளத்தில் நின்ற தசையில் துடிப்பு ஒழுங்கு குலைவது ஒரு காரணம். ஏற்கெனவே சக்திப் பற்றாக்குறையில் இருக்கும் தசையை ஓய்வின்றி மேலும் செலவழிக்கச் சொல்வது இன்னொன்று. ஒரு வார நெருக்கடிக்கு வாங்கும் கைமாற்று குடும்பத்தைக் காப்பாற்றும். அதையே மாதாமாதம் வட்டி கட்டி ஆண்டுக்கணக்கில் இழுத்தால் வீடு போய்விடும். மில்ரினோன் இதயத்துக்கு அப்படி ஒரு கைமாற்று. அதே பத்தாண்டில், இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பீட்டா தடுப்பு மருந்துகள்தாம் நாள்பட்ட நோயாளிகளின் ஆயுளை நீட்டும் என்பது நிரூபணமாயிற்று. நீண்ட காலத்துக்கு இதயம் கேட்டது ஓய்வை.

மாத்திரை கைவிடப்பட்டது. இந்த நிதானமான சோதனை நடந்திருக்காவிட்டால், நோயாளிக்கு மூச்சு வாங்குவது குறைந்ததைப் பார்த்தே மருத்துவர்கள் அதை எழுதிக்கொடுத்திருப்பார்கள். மருந்து நல்லதா என்ற கேள்விக்கு, யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

குழந்தைகள் வார்டில் மறுபிறப்பு

நரம்பு வழி மில்ரினோன் மட்டும் மருத்துவமனைகளில் தங்கியது. குழந்தைகளின் இதய அறுவையைக் கவனித்தவர்கள் அதன் குணங்களைத் தங்கள் சிக்கலோடு பொருத்திப் பார்த்தார்கள். அறுவைக்குப் பின் தசை தளர்கிறது, மில்ரினோன் வலுவூட்டுகிறது. தசை விறைக்கிறது, மில்ரினோன் தளரவிடுகிறது. குழாய்கள் இறுகுகின்றன, மில்ரினோன் விரிக்கிறது. தேவையும் ஓரிரு நாளுக்கு மட்டுமே.

வட அமெரிக்காவின் 31 மருத்துவமனைகளில் 238 குழந்தைகளிடம் ‘பிரைமாகார்ப்’ சோதனை நடந்தது. எல்லோரும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள், அறுவை முடிந்து தீவிர சிகிச்சைக்கு வந்தவர்கள். இதயம் சரிவதற்கு முன்பே, தடுப்பாக, மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2003-இல் முடிவு வந்தது. மருந்தில்லாத திரவம் பெற்றவர்களில் 25.9 சதவீதம் பேருக்குக் குறை வெளியேற்றச் சிக்கல் வந்தது. உயர் அளவு மில்ரினோன் பெற்றவர்களில் 11.7 சதவீதம் பேருக்கே வந்தது. பாதிக்கும் கீழே. பிராமிஸ் சோதனையில் தோற்ற அதே மூலக்கூறு, பன்னிரண்டு ஆண்டு கழித்து, குழந்தை இதய அறுவைப் பிரிவுகளின் அன்றாடத் துணையாயிற்று.

அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள்

1975-இல் லண்டனில் ஜேன் சோமர்வில், பிறவி இதயக் குறையோடு வளர்ந்தவர்களுக்கெனத் தனி வார்டைத் தொடங்கினார். 1980-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஜோசப் பெர்லாஃப் தனி மையம் நிறுவினார். அப்போது அது சிறு கூட்டம். கனடாவின் கியூபெக் மாகாணக் கணக்குப்படி, 2010-இல் பிறவி இதயக் குறையோடு வாழ்கிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வளர்ந்தவர்களாகிவிட்டார்கள்.

இவர்களுடைய இதயம், மாரடைப்பு வந்த அறுபது வயதுக்காரரின் இதயத்தைப் போன்றதல்ல. டெட்ரலாஜி ஆஃப் ஃபேலோ என்ற குறைக்குச் சிறுவயதில் அறுவை செய்துகொண்டவரை எடுத்துக்கொள்வோம். நுரையீரலுக்குப் போகும் குறுகிய வழியை அன்று அகலப்படுத்தியதில் வால்வு மூட மாட்டாமல் போயிருக்கும். இருபது முப்பது ஆண்டு ரத்தம் பின்னுக்குக் கசிந்து வலது கீழறை விரிந்திருக்கும். இப்போது புது வால்வு வைக்கிறார்கள். அறுவைக்குப் பின் தடுமாறுவது பெரும்பாலும் இந்த வலது அறைதான். பிரெஞ்சு மருத்துவர் ஃபிரான்சிஸ் ஃபோன்டான் 1968-இல் போர்டோவில் தொடங்கிய அறுவையோடு வாழ்கிறவர்களுக்கு, நுரையீரலுக்கு ரத்தம் தள்ள அறையே கிடையாது. உடம்பின் அசுத்த ரத்தம் நேரடியாக நுரையீரலுக்குள் வடிகிறது. நுரையீரல் குழாய்கள் சற்று இறுகினாலும் அந்த ஓட்டம் தளரும். இரண்டு இடத்திலும் நுரையீரல் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துக்குத் தனி மதிப்பு. துடிப்புக் கோளாறுக்காகப் பலர் ஏற்கெனவே பீட்டா தடுப்பு மருந்தில் இருப்பார்கள். டோபுட்டமினுக்கு அது இடைஞ்சல். ஏற்பிகளைச் சாராத மில்ரினோனுக்கு அவ்வளவு இல்லை.

கட்டிலருகே அது எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். பத்து மில்லிகிராம் மருந்து பத்து மில்லி குப்பியில் வருகிறது. செவிலியர் அதை ஐம்பது மில்லி சிரிஞ்சில் இழுத்து, மீதியைச் சலைனால் நிரப்பி, மேலே மருந்தின் பெயரும் அளவும் நேரமும் எழுதிய ஒட்டுத்தாளை ஒட்டி, சிரிஞ்ச் பம்ப்பில் மாட்டுகிறார். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு அரை மைக்ரோகிராம் என்று மருத்துவர் எழுதினால், பம்ப்பில் மணிக்கு ஒன்பது மில்லி. அந்த ஒரு சிரிஞ்ச் ஐந்தரை மணி நேரம் வரும். தொடக்கத்தில் மொத்தமாக ஒரு பெரிய அளவைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழக்கூடும் என்பதால், பலர் அதைத் தவிர்த்து நேராக ஓட்டத்தைத் தொடங்குகிறார்கள். அழுத்தம் தாழ்ந்தால் நார் அட்ரினலினோ வாஸோபிரஸினோ இன்னொரு பம்ப்பில் சேர்கிறது.

சிறுநீரகம் நன்றாக இருந்தால் ரத்தத்தில் இருக்கும் மில்ரினோன் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் பாதியாகும். சிறுநீரகம் சோர்ந்திருந்தால் மருந்து தேங்கும். அழுத்தமும் துடிப்பும் கெடும். பல ஆண்டுகள் நீலம் பாரித்தே வளர்ந்தவர்களின் சிறுநீரகம் முன்பே பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், மணிக்கு மணி சிறுநீரை அளப்பது சடங்கல்ல. பையில் எத்தனை மில்லி இறங்கியது என்ற எண்ணைப் பார்த்தே அடுத்த மணி நேரத்தின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். ரத்தம் வெளியேறும் வழியிலேயே கடும் அடைப்பு மிஞ்சியிருக்கும் இதயத்தில் இந்த மருந்து பொருந்தாது என்பதையும் அறுவை முடிந்ததும் எக்கோ பார்த்து உறுதி செய்துகொள்கிறார்கள்.

மில்ரினோனுக்குப் பிறகு இன்னொன்றும் பிறந்தது. பின்லாந்தின் ஓரியன் நிறுவனம் தந்த லெவோசிமெண்டான், கால்சியத்தைக் கூட்டாமல், இருக்கிற கால்சியத்துக்குத் தசையை நன்றாக இணங்க வைக்கிறது. 2000-இல் ஸ்வீடன் அதை முதலில் அனுமதித்தது. வளர்ந்தோரின் இதய அறுவையில் அது இறப்பைக் குறைக்கும் என்ற நம்பிக்கையை 2017-இல் வெளியான இரண்டு பெரும் சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. மில்ரினோனையும் டோபுட்டமினையும் நேருக்கு நேர் நிறுத்திய கனடாச் சோதனை 2021-இல் வெளியானது. இதயம் போதிய ரத்தம் அனுப்ப முடியாத அதிர்ச்சி நிலையில் வந்த 192 வளர்ந்தவர்களிடம் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது.

இந்த எண்களையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது ஓர் இடைவெளி தெரிகிறது. பிராமிஸில் இருந்தவர்கள் நாள்பட்ட நோயாளிகள். பிரைமாகார்ப்பில் இருந்தவர்கள் குழந்தைகள். கனடாச் சோதனையில் இருந்தவர்கள் அதிர்ச்சி நிலையில் வந்த இதய நோயாளிகள். பிறவிக் குறையோடு வளர்ந்து இரண்டாம் அறுவைக்கு வரும் முப்பத்தைந்து வயதுக்காரருக்கு, மருத்துவர் இந்த மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, தன் அனுபவத்தைச் சேர்த்து, அளவை நிர்ணயிக்கிறார். அது பொறுப்பான வேலைதான். ஆனால் பிரைமாகார்ப் குழந்தைகளுக்குச் செய்ததை இவர்களுக்கும் செய்ய வேண்டும். ஒரு நாட்டில் இத்தகைய அறுவைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், பல நாடுகளின் மருத்துவமனைகள் கைகோத்து, வலது அறை நோயாளிகளுக்கும் ஃபோன்டான் நோயாளிகளுக்கும் தனித்தனியாகச் சோதித்து, எந்த அளவு, எத்தனை மணி நேரம், எப்போது நிறுத்துவது என்பதைக் கண்டாக வேண்டும். இது ஆடம்பரக் கோரிக்கை அல்ல. குழந்தைப் பருவத்தில் இவர்களைப் பிழைக்க வைத்த மருத்துவம், வளர்ந்த பிறகும் இவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடமை.

நோயாளியின் வீட்டாருக்கும் இந்தக் கதையில் ஒரு பயன் உண்டு. சப்போர்ட் மருந்து ஓடுகிறது என்றால் அறுவை தோற்றுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். முதல் இரவின் சரிவு எதிர்பார்த்ததே. மறுநாளோ அதற்கு மறுநாளோ “சப்போர்ட்டைக் குறைச்சிட்டே வர்றோம்” என்று மருத்துவர் சொன்னால் மருந்தைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். குறைக்கக் குறைக்க இதயம் தன் சுமையைத் தானே எடுத்துக்கொள்கிறதா என்பதுதான் அப்போது சோதிக்கப்படுகிறது. பம்ப்பில் ஒன்பது ஆறாகி, ஆறு மூன்றாகி, பிறகு நிறுத்தப்படும்போது இந்த மருந்து தன் வேலையை முழுமையாகச் செய்து முடித்திருக்கும்.